கட்டளைக் கையேடும் காண்டிகையுரையும்

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று நன்னூலார் எண்ணிக் காட்டினார். அவற்றுள் முதலாவது குன்றக் கூறல். ஆறாவது மயங்க வைத்தல். இவற்றை மாணவருக்கு மனப்பாடம் செய்வியாத தமிழாசிரியர் இலர். ஆயினும் இந்த உரைகல்லில் இலக்கிய நூலையும் இலக்கண நூலையும் மட்டுமே உரைத்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. இன்று பொறியியலாரும் திட்டமிடுவோரும் நாள்தோறும் புரட்டுகின்ற ஒருவகை நூலை இந்தக் கண்கொண்டு பார்த்தவர் அரியர். கணிப்பொறி மென்பொருள்களோடு வரும் கட்டளைக் கையேடே அந்நூல்.

கட்டளைக் கையேட்டில் கதையில்லை, அணியில்லை. ஒரு கட்டளையின் பெயர் வரும். அதன்கீழ் அக்கட்டளையோடு சேர்த்துச் சொல்லத்தக்க விருப்பத் தேர்வுகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் ஒருவரி விளக்கம், பயன்படுத்துவோர் ஒன்றும் சொல்லாது விட்டால் பொறி தானாக எடுத்துக்கொள்ளும் மதிப்பு, அவ்வளவே. மேலோட்டமாகப் பார்ப்பவர் இதை நிகண்டோடு ஒப்பிடுவர். அவ்வொப்பீடு பொருந்தாது. நிகண்டு சொல்லுக்குப் பொருள் சொல்லி நின்றுவிடும். இதுவோ 'இவ்வாறு சொன்னால் இது நிகழும்' என்று விதிக்கிறது. ஆகவே இது நூற்பாவின் இனத்தைச் சேர்ந்தது. சில எழுத்தில் பல பொருளை அடக்கும் சுருக்கமும் நூற்பாவின் சுருக்கமே. நூற்பா என்றால் அதற்கு உரை எங்கே என்ற கேள்வி உடனே எழவேண்டும்.

இங்கு ஆராயப்படுவன இருவகை மென்பொருள்களின் கையேடுகள். ஒன்று, நடப்பைப் போலச் செய்து பார்க்கும் மென்பொருள். சாலை, துறைமுகம், ஆலை முதலியவற்றைக் கணிப்பொறிக்குள் அமைத்து, உண்மையில் செய்தால் என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே ஓட்டிப் பார்ப்பது. மற்றொன்று, பல வழிகளுள் மிக ஏற்றதைத் தேடித் தருவது. இதனை உகப்பாக்கம் என்பர் சிலர். உகமமாக்கல் என்பர் வேறு சிலர். பெயர் எதுவாயினும் ஆகுக. சாலையை அகலப்படுத்தலாமா, விளக்கை எங்கே நடலாம், லோரி எத்தனை வேண்டும் என்ற முடிவுகள் இவற்றின் விடைகளைச் சார்ந்து எடுக்கப்படுகின்றன. கையேட்டில் ஒருவரி குன்றினால் எங்கோ ஒரு தெருவில் நிற்பவர்க்கு அது தீங்காகும்.

முதல் வகைக்குச் சான்றாகச் சுமோ என்னும் மென்பொருளை எடுத்துக்கொள்ளலாம். நகரப் போக்குவரத்தைப் போலச் செய்து பார்க்கும் இது ஜெர்மானிய விண்வெளி ஆய்வு மையத்தில் உருவானது. 2001 முதல் எவரும் விலையின்றி எடுத்து ஆளத்தக்கதாகக் கிடைக்கிறது. ஆய்வு மாணவர் உலகெங்கும் இதனைக் கையாளுகின்றனர். இதன் கட்டளைக் கையேடு உழைப்பால் அமைந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தேர்வுகள் இனம் இனமாகப் பிரிக்கப்பட்டுள்ளன. உள்ளீடு, வெளியீடு, காலம், செயற்பாடு, தற்போக்கு எண் எனத் தலைப்புகள் தெளிவானவை. கூறியது கூறல் இல்லை. மற்றொன்று விரித்தல் இல்லை. செயற்பாடு என்னும் தலைப்பு மட்டும், எங்கும் அடங்காதவற்றையெல்லாம் போட்டு வைத்த பரண்போல் இருக்கிறது. அது சிறு குறை.

பெருங்குறையைக் காட்டக் கிள்ளான் நகரைவிட நல்ல இடம் வேண்டியதில்லை. தீபாவளிக்கு முந்திய மாலையில் ஜாலான் தெங்கு கிளானா எப்படியிருக்கும் என்பதை இவ்வட்டாரத்தார் அறிவர். பலகாரக் கடைக்கும் பூக்கடைக்கும் முன்னால் நிற்கும் வண்டி ஐந்து நிமிடம் அசையாதிருப்பது அங்கு அதிசயமன்று, அசைந்தால்தான் அதிசயம். அந்தத் தெருவை அப்படியே சுமோவில் அமைத்து, கூட்டத்தையும் விட்டு, ஓட்டிப் பார்ப்பதாகக் கொள்வோம். ஒன்றும் சொல்லாமல் விட்டால் என்ன நிகழும்? வழியடைத்துக்கொண்டு 300 வினாடி நகராமல் நின்ற வண்டியைப் பொறி தெருவிலிருந்து தூக்கிவிடும். பின்பு அது செல்லவேண்டிய வழியில் முன்னால் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே கொண்டுபோய் இறக்கிவிடும். புராணத்தில் வரும் புட்பக விமானத்துக்கு இதில் வேலையில்லை. கையேட்டில் இதற்குரிய தேர்வின் பெயர் டைம்-டு-டெலிபோர்ட். அதன் விளக்கம், வண்டி எவ்வளவு நேரம் நின்றால் இடம்பெயர்க்கப்படும் என்பதையும், 300 என்ற மதிப்பையும், சுழியமோ அதற்குக் கீழோ கொடுத்தால் இச்செயல் நின்றுவிடும் என்பதையும் சொல்கிறது. பொய் ஒன்றுமில்லை. ஆனால் நெரிசலை அளக்கப் புறப்பட்ட ஒருவன், நெரிசலின் உச்சத்தில் இருக்கும் வண்டிகளே தெருவிலிருந்து எடுக்கப்படுகின்றன என்பதை அவ்வரியிலிருந்து உணர்வானா? உணரமாட்டான். அவன் கையில் வருவது உண்மையைவிட இலேசான நெரிசல்.

இவ்வமைப்புக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கணிப்பொறித் தெருவில் ஒரு வண்டி தவறான தடத்தில் மாட்டிக்கொண்டால், உண்மை ஓட்டுநரைப் போல் அது கையைக் காட்டி வழிகேட்டு நழுவிவிடாது. அங்கேயே நிற்கும். அதன் பின்னால் நகரம் முழுவதும் நிற்கும். அந்த முடிச்சை அவிழ்க்கவே இத்தேர்வு வைக்கப்பட்டது. வண்டி தூக்கப்படும்போது எச்சரிக்கையும் வருகிறது. ஏன் தூக்கப்படுகிறது என்பதை விளக்கத் தனிப்பக்கமும் உண்டு. இவற்றை மறைத்துக் குறை கூறுவது நேர்மையாகாது. ஆனால் நூற்பா ஓரிடத்தில், அதன் கருத்து வேறோரிடத்தில் என்று பிரித்து வைத்தால், நூற்பாவை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர்களே மிகுதியாவர். எச்சரிக்கையைப் படியாமல் விடையை மட்டும் எடுத்து அறிக்கை எழுதுவோருக்கும் பஞ்சமில்லை.

இன்னும் இரண்டு தேர்வுகளைப் பார்க்கலாம். சாலை வலையை அமைக்கும் துணைக்கட்டளையில் லெஃப்ட்ஹேண்ட் என்று ஒன்றுண்டு. சாலையின் இடப்பக்கம் வண்டியோட்டும் நாடுகளுக்கு உரியது அது. சொன்னால்தான் இடம், சொல்லாவிட்டால் வலம். மலேசியாவும் இந்தியாவும் இலங்கையும் சிங்கப்பூரும் இடப்பக்கம் ஓட்டுவன. தமிழர் பெருவாரியாக வாழும் நாடுகள் நான்குக்கும் பொறியின் வாய்பேசா விதி மாறானது. மற்றொன்று லேட்டரல்-ரெசொல்யூஷன். இதன் முன்மதிப்பு எதிர்மம் ஒன்று. அதாவது, எல்லா வண்டியும் தத்தம் தடத்தின் நட்டநடுவே ஓடும். ஒரு தடத்தில் ஒன்றன்பின் ஒன்றே போக முடியும். கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் நோக்கிக் காலையில் புறப்படும் மோட்டார் சைக்கிள்களை நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வரும். அவை காருக்கும் லோரிக்கும் நடுவே கோடுபோட்டாற்போல் போகின்றன. கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கெனத் தனிவழியே 1970-களில் அமைக்க வேண்டியிருந்த நாடு இது. இங்கு எல்லாரும் தடத்தின் நடுவே வரிசையாகப் போகிறார்கள் என்று வைத்துக் கணக்கிட்டால் வருவது கிள்ளானின் கணக்கன்று. வேறு ஏதோ ஊரின் கணக்கு.

சொல்லாதபோது எடுத்துக்கொள்ளப்படும் மதிப்பைத் தமிழில் எப்படி வழங்குவது என்ற கேள்வி இங்கே வந்து நிற்கிறது. இரு சொற்கள் வழக்கில் உள்ளன. ஒன்று இயல்புநிலை, மற்றொன்று முன்னிருப்பு. சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எதை வேண்டுமானாலும் எழுதுகின்றனர். தமிழிலக்கணம் பயின்றவர்க்கு வேறுபாடு உடனே புலப்படும். புணர்ச்சியில் இயல்பு என்று ஒன்றைச் சொன்னால் மற்றது விகாரம். வலப்பக்கம் ஓட்டுவது இயல்புநிலை என்று எழுதினால், இடப்பக்கம் ஓட்டுவது விகாரமாகிவிடுகிறது. மோட்டார் சைக்கிள் தடத்தின் நடுவே போவது இயல்பு, இடுக்கில் நுழைவது விகாரம் என்றாகிறது. பொறியை ஆக்கியவர் தம் ஊரையும் தம் தேவையையும் வைத்து முன்னதாகவே இட்டுவைத்த மதிப்பு அது. இயற்கை அதை வகுக்கவில்லை. ஆகவே முன்னிருப்பு என்ற சொல்லே நேர்மையானது. முன்னே ஒருவர் இருத்தி வைத்தார் என்பதை அது மறைக்கவில்லை. இயல்புநிலை என்ற சொல்லைப் பாடநூல்களிலிருந்து நீக்கினாலும் குற்றமில்லை.

உகப்பாக்க மென்பொருளுக்கு ஜிஎல்பிகே எனச் சுருக்கமாக வழங்கும் தொகுப்பைச் சான்றாகக் கொள்ளலாம். மாஸ்கோ வானூர்தியியல் கல்லூரியைச் சேர்ந்த ஆந்திரேய் மக்கோரின் ஆக்கியது. இதுவும் விலையின்றிக் கிடைப்பது. இதனை ஏவும் கட்டளையின் பெயர் ஜிஎல்பிசால். கேட்டதைச் சொல்லும், மிகையாக ஒரு சொல் சொல்லாது. சுருக்கத்தில் சுமோவின் கையேட்டையும் மிஞ்சியது.

செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியபின் காலம் கடத்தினால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் கெடும் என்பது தோட்டப்புறத்தார் அறிந்ததே. ஆகவே அன்றன்றைய குலையை ஆலைக்கு ஏற்றிச்செல்ல எத்தனை லோரி, எந்த வழி என்பது உண்மையான உகப்பாக்கக் கணக்கு. 34 டன் குலை, 10 டன் ஏற்றும் லோரி என்று கொண்டால் விடை 4 லோரி. ஆனால் நோமிப் என்னும் தேர்வைச் சேர்த்துவிட்டால் முழு எண்ணாக இருக்கவேண்டும் என்ற கட்டு அவிழ்ந்துபோகும், 3.4 லோரி என்று விடை வரும். ஒரு தோட்டமாயின் மேலே தள்ளி 4 என்று வைத்துக்கொள்ளலாம். பல தோட்டமும் பல ஆலையும் சேர்ந்த கணக்கில் இப்படித் தள்ளுவது சிறந்த விடையைத் தருமென்ற உறுதியில்லை. சில வேளை நிறைவேற்றவே முடியாத விடையாகவும் முடியும். கையேட்டு வரியோ முழு எண்கள் தொடரெண்களாகக் கொள்ளப்படும் என்று மட்டும் சொல்லி அமைகிறது. பின்னமாகிய லோரியை எந்த ஓட்டுநர் ஓட்டுவார் என்று அது கேட்பதில்லை. கேட்க வேண்டியது உரையாசிரியர் வேலை.

டிஎம்லிம் என்ற தேர்வு இதனினும் நுட்பமானது. தேடலை இத்தனை வினாடியில் நிறுத்து என்பது அதன் பொருள். நிறுத்திய இடத்தில் கிடைப்பது அதுவரை கண்டவற்றுள் நல்லது. உள்ளவற்றுள் நல்லதென்று சொல்ல முடியாது. விடைக்கோப்பு இவ்வேறுபாட்டை ஒழுங்காகவே குறிக்கிறது. கையேட்டு வரி குறிக்கவில்லை. இனி, மிப்கேப் என்பது கண்ட விடைக்கும் அதற்குமேல் இருக்கக்கூடிய எல்லைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளியைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதைச் சொல்வது. ஜிஎல்பிகே இதன் முன்னிருப்பைச் சுழியமாக வைத்துள்ளது. விலைக்கு விற்கப்படும் சிப்பிளெக்ஸும் குரோபியும் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என வைத்துள்ளன. ஒன்று கடைசித் துளி வரை தேடும். மற்றவை ஏறத்தாழப் போதும் என நிறுத்திக்கொள்ளும். பத்து மில்லியன் ரிங்கிட் செலவுக் கணக்கில் அந்த ஏறத்தாழ என்பது ஆயிரம் ரிங்கிட் வரை போகலாம். ஆயிரம் ரிங்கிட்டுக்காக நாள்முழுதும் பொறியை ஓடவிடுவது பேதைமை என்பார் ஒருவர். ஆயிரமும் ரிங்கிட்தானே என்பார் மற்றொருவர். இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. ஆனால் தேர்வு செய்தது தாம்தான் என்பதையே இருவரும் அறியாதிருப்பதில் நியாயம் ஏதுமில்லை. உகந்தது என்ற சொல்லைத் தமிழில் எழுதும்போது யாருக்கு உகந்தது, எந்த அளவுக்குள் உகந்தது என்று சேர்த்து எழுதவேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

தமிழில் இத்தகைய கையேடு வேண்டும் என்று சொல்வோர் பெரும்பாலும் மொழிபெயர்ப்பையே கருதுகின்றனர். கட்டளைப் பெயர்களையும் தமிழாக்க வேண்டும் என்பது சிலர் ஆவல். ஆவல் பாராட்டத்தக்கது. ஆனால் பொறிக்குத் தெரிந்த பெயரை மாற்றி எழுதினால் பொறி விழிக்கும். மாணவன் அதனினும் விழிப்பான். ஒரு மொழியையே புதிதாக ஆக்குவோர்க்கு அந்த உரிமை உண்டு. முத்து அண்ணாமலை ஆக்கிய எழில் என்னும் நிரல்மொழி அதற்குச் சான்று. அதைப்பற்றிய கட்டுரை 2009-இல் வெளிவந்தது. பதிப்பி, நிறுத்து, பின்கொடு என்பன அதன் கட்டளைகள். எல்லாம் ஏவல் ஒருமை. பொறியை 'நீ' என்று அழைப்பதே முறை. அலுவலக அறிவிப்புப் பலகைபோல் 'செய்யவும்' என்று பொறியைக் கெஞ்சவேண்டியதில்லை. நிபந்தனையை முதலில் வைத்து 'ஆனால்' என்பதைப் பின்னால் வைத்ததும் தமிழின் சொல்லடைவுக்கு ஏற்றது. இன்றைய வழக்கில் 'ஆனால்' எதிர்மறுப்புச் சொல்லாகவும் நிற்பதால் சிறு மயக்கம் உண்டு. 'ஆயின்' என்றிருந்தாலும் மயக்கம் முற்றும் தீராது. அது கிடக்கட்டும். சுமோவும் ஜிஎல்பிகேயும் பிறர் ஆக்கியவை. அவற்றின் தேர்வுப் பெயர்களை உள்ளவாறே ஒலிபெயர்த்து நிறுத்தி, தமிழின் வேலையை உரையில் காட்டுவதே தக்கது.

எழுத்துத் தடை இப்போது இல்லை. மலேசியராகிய முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு மென்பொருள் முதல் எத்தனையோ பேர் உழைப்பால் தமிழ் எல்லாப் பொறியிலும் ஓடுகிறது. தடை வேறிடத்தில் இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் கணக்கும் அறிவியலும் எம்மொழியில் கற்பிப்பது என்பதே 2003 முதல் பல ஆண்டு இழுபறியாயிருந்தது. இடைநிலைப்பள்ளியில் மலாய், கல்லூரியில் ஆங்கிலக் கையேடு. இந்நிலையில் வரும் மாணவன் ஆங்கில வரியைப் படிக்கத் தெரியாதவனல்லன். படித்துவிட்டு, இதை யார் வைத்தார், ஏன் வைத்தார் என்று கேட்கும் பழக்கமே அவனுக்கு வாய்க்கவில்லை. அந்தப் பழக்கத்தைத் தரும் கருவி தமிழ் வகுப்பில் ஏற்கெனவே கிடக்கிறது. காண்டிகையுரை எனப்படும் உரைவகைக்குக் கருத்து, பதப்பொருள், காட்டு, வினா, விடை என்னும் உறுப்புகளை நன்னூலார் கூறியுள்ளார். மென்பொருள் கையேடுகள் தருவது பதப்பொருள் ஒன்றே. ஏனைய நான்கும் இல்லை. மேலே சொன்ன தேர்வு ஒன்றுக்குக் காண்டிகையுரை எழுதினால் ஏறத்தாழ இப்படி அமையும்:

லேட்டரல்-ரெசொல்யூஷன். இத்தேர்வு என் நுதலிற்றோ எனின், ஒரு தடத்துக்குள் வண்டிகள் பக்கவாட்டில் எங்கெங்கே ஓடலாம் என்பதை உணர்த்துதல் நுதலிற்று. இதன் பொருள்: தடத்தை எத்தனை மீட்டர் அகலமுள்ள கீற்றுகளாகப் பகுப்பது என்பதை எண்ணால் தருக, எதிர்மம் ஒன்று எனின் பகுப்பில்லை, யாவும் நடுவே ஓடும், முன்னிருப்பு எதிர்மம் ஒன்று. காட்டு: 3.2 மீட்டர் அகலமுள்ள தடத்துக்கு 0.8 எனக் கொடுப்பின் நான்கு கீற்றுகள் ஆம். மோட்டார் சைக்கிள் காரின் பக்கமாகப் போகும். கார் மட்டும் ஓடும் சாலைக்கும் இது வேண்டுமோ எனின், வேண்டா; கீற்றுப் பகுப்பு கணிக்கும் நேரத்தை மிகுவிக்கும். மிகுவிக்கும் என்பதனால் கிள்ளானுக்கும் விட்டுவிடலாமோ எனின், விடலாகாது. விட்டால் சாலையில் உள்ளோரில் ஒரு பகுதியாரை இல்லாத இடத்தில் ஓட்டிக் கணக்கிட்டதாகும்.

இவ்வாறு எழுதப் பொறியியலாரும் தமிழாசிரியரும் ஒரே மேசையில் அமரவேண்டும். முன்னவர்க்கு உரைநடை கைவராது. பின்னவர்க்குப் பொறி கைவராது. சுமோவின் தேர்வுகள் சில நூறு இருக்கும். அத்தனைக்கும் உரை வேண்டுமென்பதில்லை. கோப்பின் பெயரைக் கேட்கும் தேர்வுக்கு உரை எழுதுவது மிகைபடக் கூறலாகும். முன்னிருப்பு ஒன்றை மறைத்து வைத்திருக்கும் தேர்வுகளை மட்டும் பிரித்தெடுத்தால் ஒரு சிறு நூலுக்குள் அடங்கும். தற்போக்கு எண்ணுக்குரிய சீட் என்னும் தேர்வு அவற்றுள் ஒன்று. அதன் முன்னிருப்பு 23423. எத்தனை முறை ஓட்டினாலும் அதே எண்ணிலிருந்து புறப்பட்டு அதே விடையையே தரும். பத்துமுறை ஓட்டினேன், பத்துமுறையும் ஒன்றே வந்தது, ஆகவே விடை உறுதி என்று எழுதும் மாணவனுக்கு, வந்தது பத்து விடையன்று, ஒரே விடை பத்துமுறை என்று காட்டும் உரையை முதலில் எழுதத் தொடங்கலாம்.